பீட்சாக் கடை மாப்பிள்ளையை விசாரித்த கதை

இல்லைங்க சார், டீ வேண்டாம். தப்பா எடுத்துக்கிராதீங்க. ரயில்ல முன்னப்பின்ன தெரியாதவங்க கையால ஒண்ணும் வாங்கிக் குடிக்கிறதில்லைன்னு ஒரு பழக்கம். உங்களைச் சொல்லலை. உங்க மூஞ்சியைப் பாத்தா அப்பிடித் தெரியலை. ஆனா பாத்தா தெரியாதவன்தான் எப்பவும் ஏமாத்துறான், அதான் சங்கடம். நீங்க குடிங்க.

நான் முப்பத்தோரு வருஷம் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன் சார். கோவில்பட்டி பக்கம் தவசிமுத்து செக்கர்னா கண்டக்டருங்க பூரா பேருக்கும் தெரியும். பொட்டக்காட்டுல நின்னு கை காட்டி வண்டியில ஏறுவேன். ஏறினதும் டிக்கெட்டைப் பாக்க மாட்டேன், மூஞ்சியைப் பாப்பேன். டிக்கெட் எடுக்காதவன் சன்னலுக்கு வெளிய ரொம்ப அக்கறையாப் பாத்துக்கிட்டிருப்பான். வெளிய கருவேலமரத்தைத் தவிர என்ன இருக்கு? நேரா அவன்கிட்டப் போய் நின்னாப் போதும். நாலஞ்சு தடவைதான் தப்பாப் போச்சு. அதுல ஒரு ஆளு, பொண்டாட்டி ஆஸ்பத்திரியில தவறிட்டான்னு ஊருக்குப் போய்க்கிட்டிருந்தவரு. டிக்கெட்டை எடுத்துக் காட்டிட்டு மறுபடியும் வெளிய பாத்துக்கிட்டாரு. சரி, அதை விடுங்க.

மும்பைக்கு எனக்கு இது ரெண்டாவது பயணம். மொதத் தடவை போனது பீட்சா சாப்பிட. சிரிக்காதீங்க, நெசமாத்தான். அஞ்சு நாள் தங்கி அந்த ஊருலயே நல்ல பீட்சா எதுன்னு கடை கடையாச் சாப்பிட்டுப் பாத்தேன்.

ஆசைக்குச் சாப்பிடலை. விசாரிக்கப் போனேன். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை வெளியூர்ல இருந்தான்னா, யாராவது ஒரு ஆளைச் சத்தமில்லாம அனுப்பி விசாரிச்சுட்டு வரச் சொல்வாக. பய குடிக்கிறானா, வேற எங்கயும் தொடுப்பு இருக்கா, சொன்ன வேலையிலதான் இருக்கானா. எங்க சொந்தத்துல அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவாக. திருப்பூரு, ஓசூரு, மெட்ராசுன்னு இதுவரைக்கும் பதினேழு மாப்பிள்ளையை விசாரிச்சிருக்கேன். பதினாலு பேரை வேண்டாம்னு சொல்லிட்டேன். மூணு பேருக்குக் கல்யாணம் நடந்துச்சு, மூணும் நல்லா இருக்கு. மத்த பதினாலும் நடந்திருந்தா எப்பிடி ஆயிருக்கும்னு எவனாவது சொல்ல முடியுமா? முடியாதுல்ல. அதான் நான் சொல்றது.

பதினெட்டாவது மாப்பிள்ளைதான் இந்த மும்பைக்காரன். பேரு மாரிக்கண்ணன். பூர்வீகம் எட்டயபுரம் பக்கம். பொண்ணு யாருன்னா எங்க அக்கா பேச்சியம்மா மக, செண்பகவல்லி. கோவில்பட்டியில ஒரு ஆஸ்பத்திரியில லேப்ல வேலை பாக்குறா. அவளுக்கு மூணு வயசா இருக்கும்போதே அவ அப்பா போய்ச் சேந்துட்டாரு. காது குத்துனது என் மடியில. பள்ளிக்கூடத்துல சேத்ததும், காலேஜுல கையெழுத்துப் போட்டதும் நான்தான். தாய்மாமன்னா சும்மாவா சார். எங்கள்ல அப்பனுக்கு அடுத்தபடி மாமன்தான்.

எனக்கு ஒரு மகன் இருக்கான், பால்வண்ணன். முப்பத்தோரு வயசு, செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான், இன்னும் கல்யாணம் ஆகலை. செண்பகத்துக்கு முறைப்பையன். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேச்சோட பேச்சாச் சொல்லி வச்சேன், அவ்வளவுதான்.

செண்பகத்துக்கு அப்ப இருபத்தெட்டு முடிஞ்சிருச்சு. அதுக்கு முன்னாடி மூணு இடம் வந்துச்சு, மூணையும் நான் போய்ப் பாத்து வேண்டாம்னு சொல்லியிருந்தேன். அந்தப் பதினாலுல இந்த மூணும் சேத்தி. அக்கா பயோடேட்டாவைக் கையில குடுத்து, தம்பி, நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான்னுட்டா. நான் வண்டி ஏறுன அன்னைக்கு செண்பகமே ஸ்டேஷனுக்கு வந்துச்சு. பையை வாங்கி சீட்டுக்கு அடியில வச்சுட்டு, "மாமா, இந்தத் தடவை கொஞ்சம் பாத்துச் செய்யுங்க"ன்னுச்சு. சரிம்மா, கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறேன்னு சொன்னேன். வண்டி கெளம்புறதுக்கு முன்னாடியே இறங்கிப் போயிருச்சு.

பயோடேட்டாவுல நட்சத்திரம், ராசி, கூடப்பொறந்தவுக எல்லாம் எப்பவும் போலத்தான் போட்டிருந்தாக. தொழில்னு இருக்கிற இடத்துல, 'மும்பையிலேயே மிகச் சிறந்த பீட்சா கடை, சொந்தம்'னு எழுதியிருந்துச்சு. நான் அந்த ஒரு வரியைப் புடிச்சுக்கிட்டேன். குணத்தை எப்பிடிச் சோதிக்கிறது? நல்லவன்னு நாலு பேரு சொல்வான், கெட்டவன்னு நாலு பேரு சொல்வான். ஆனா இந்த வரியைச் சோதிக்கலாம்ல. தின்னுப் பாத்தாத் தெரிஞ்சுபோகும். இது பொய்யின்னா மத்ததும் பொய்யி. நல்ல யோசனையா இல்லையா சொல்லுங்க.

சயான்ல எங்க ஊருக்காரரு ஒருத்தரு வீட்டுல தங்கினேன். மாரிக்கண்ணனா, தங்கமான பையனாச்சேன்னு அவரு நான் கேக்காமலே சொன்னாரு. கேக்காமலே ஒருத்தரு இன்னொருத்தனை எதுக்கு நல்லவன்னு சொல்லணும்? அவரு பேரையும் நோட்டுல குறிச்சுக்கிட்டேன்.

அப்பறம் டாக்சிக்காரன், காலேஜ் பிள்ளைக, வங்கி வாசல்ல நின்ன வாட்ச்மேன்னு பாத்தவன்கிட்டயெல்லாம் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில இந்த ஊருலயே நல்ல பீட்சா எங்கன்னு கேட்டு நாலு கடை எழுதினேன். அஞ்சாவது நம்ம மாப்பிள்ளை கடை. அதை வேணும்னே கடைசிக்கு வச்சேன். ருசி பாக்குறதுக்கும் ஒரு மொறை இருக்கு பாருங்க.

மொதக் கடை கொலாபாவுல. பூராவும் கண்ணாடி. வாசல்லயே ஒரு பிள்ளை நின்னுக்கிட்டு பேரைக் கேட்டுச்சு. திங்க வந்தவனுக்குப் பேரு எதுக்கு? எனக்கு அங்கயே சந்தேகம் வந்திருச்சு. ஆறுமுகம்னு சொல்லி வச்சேன். அரை மணி நேரம் கழிச்சு அந்தப் பிள்ளை ஆறுமுகம், ஆறுமுகம்னு மூணு தடவை கூப்பிட்டிருக்கு. யாரோ ஆறுமுகத்தைக் கூப்பிடுறாகன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். வரிசை போயிருச்சு. மறுபடியும் மொதல்ல இருந்து. ஒரு வழியா வந்த பீட்சா அப்பளம் மாதிரி மெலிசு, ஓரமெல்லாம் கருகல். மேல மூணே மூணு பச்சிலை. எடுத்து மோந்து பாத்தா நம்ம திருநீத்துப்பச்சிலை சார். எங்க ஊருல வாய்க்கா ஓரத்துல தன்னால முளைச்சுக் கெடக்கும். அதுக்கு இங்க இம்புட்டு மரியாதை. சாப்பிட்டு முடிச்சுட்டு, மும்பையிலேயே உங்களுதுதான் நல்ல பீட்சாவான்னு கேட்டேன். ஆமா சார், நம்பர் ஒன்னுன்னான்.

ரெண்டாவது பாந்த்ராவுல. சீஸை எடுத்தா நூலு மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. கையை எம்புட்டு ஒசத்தினாலும் அறுபடலை. பக்கத்து மேசைப் பிள்ளைக என்னைப் பாத்துச் சிரிச்சுச்சுக. அந்தக் கடையில நம்பர் ஒன்னுன்னு செவுத்துலயே எழுதி வச்சிருந்தாக. மூணாவது மாதுங்காவுல, வெங்காயம் பூண்டு இல்லாம ஜெயின் பீட்சா. மொளகுப் பொடி தூக்கலா நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வெங்காயம் பூண்டு வாசனையே இல்லைன்னா மாவு பழசா புதுசான்னு எப்பிடிக் கண்டுபுடிக்கிறது? அவனும் நாங்கதான் பெஸ்ட்டுன்னான். நாலாவது கடற்கரையில ஒரு தள்ளுவண்டி. மேல ஓமப்பொடி தூவித் தந்தான். மும்பை என்ன, இந்தியாவுலயே நாந்தான்னான்.

ஆக நாலு பேரும் பெஸ்ட்டு. அப்ப மூணு பேராவது பொய் சொல்லணும்ல. அஞ்சாவதா நம்ம ஆளு. இந்த எண்ணத்தோடதான் செம்பூருக்குப் போனேன்.

சின்னக் கடை. ஆறு மேசை. உள்ள சுட்ட செங்கல்லுல கட்டுன பெரிய அடுப்பு, வெறகு எரியுது. பய அடுப்பு வாய்க்கு நேரா நின்னு நீளமான தட்டக் கரண்டியால பீட்சாவைத் திருப்பித் திருப்பி விட்டுக்கிட்டிருந்தான். ஆளு கருப்பு, ஒடிசல். நான் பாத்தது அவன் கையை. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வரிசையாத் தழும்பு. ரெண்டு கையிலயும். ஏதோ கேஸுல மாட்டி அடி வாங்குனவன்னு முடிவு கட்டினேன். அப்பறம் பாத்தா, தட்டக் கரண்டியை உள்ள விடும்போதெல்லாம் கை அந்த அடுப்பு வாயில உரசுது. அங்க வேலை பாக்குற இன்னொருத்தனுக்கும் அதே மாதிரி தழும்பு. சரி, அது அடுப்புச் சூடு.

நான் தமிழ்ல முணுமுணுத்ததைக் கேட்டுட்டானோ என்னவோ, எந்த ஊருங்கய்யான்னு தமிழ்லயே கேட்டான். தூத்துக்குடி, ஊரு சுத்திப் பாக்க வந்தேன், பீட்சான்னா எனக்கு உசுருன்னு சொன்னேன். உக்காருங்கய்யான்னு சொல்லி அவனே கொண்டாந்து வச்சான்.

நல்லா இருந்துச்சு சார். அதை நான் எதுக்கு மறைக்கணும்? ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல மெத்துன்னு. தக்காளிச் சாறுல என்னமோ ஒரு காரம், நாக்குல ஏறாம தொண்டைக்குப் போனப்பறம் லேசா எட்டிப் பாக்குது. எனக்குத் தெரிஞ்ச ருசி, ஆனா என்னன்னு சொல்லத் தெரியலை. எதையோ போட்டு ஆளை மயக்குறான்னு தோணுச்சு. நோட்டுல 'பரவாயில்லை'ன்னு எழுதினேன். அன்னைக்குச் சாயங்காலம் மறுபடியும் போனேன், அந்தக் காரம் என்னன்னு கண்டுபுடிக்க. தெரியலை. மறுநாள் ரெண்டு தடவை. அடுத்த நாளும் ரெண்டு தடவை. விசாரணைன்னா அரைகுறையா விடக்கூடாது பாருங்க.

மறுநாள் ஒரு பொம்பளைப் பிள்ளை வந்துச்சு. நேரா அடுப்படிக்குள்ள போயி ஒரு துண்டை எடுத்துக் கடிச்சுக்கிட்டே அவன்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்துச்சு. நான் நோட்டை எடுத்துட்டேன். ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்தேன். அப்பறம் ஒரு கோவாக்காரன் பைக்குல வந்து அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனான். அவன் இந்தக் கடையில கூட்டாளியாம், இது அவன் பொண்டாட்டியாம். மாசமா இருந்துச்சு, பீட்சா மேல மசக்கையாம்.

கடைசி நாள், ஆறாவது பீட்சா. அன்னைக்கு வாயைத் தொறந்து கேட்டுட்டேன், தம்பி, இதுல என்ன காரம் போடுறீகன்னு. அவன் ஒளிக்கவே இல்லை. விளாத்திகுளம் மொளகா வத்தலுங்கய்யா, வறுத்து இடிச்சுப் போடுறேன்னான். எனக்குச் சப்புன்னு போச்சு. இவன்கிட்ட வேற ஒண்ணும் கெடைக்காது போலயேன்னுதான் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். மும்பையிலேயே நல்ல பீட்சா உங்களுதுதானான்னு.

பய கையைத் தொடச்சுக்கிட்டான். "இல்லீங்கய்யா. தாதர்ல மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒருத்தரு போடுறாரு. மாவு அவருக்கு வர்ற மாதிரி எனக்கு இன்னும் வரலை. லீவு நாள்ல நானே அங்க போய்த்தான் சாப்பிடுவேன்"னான்.

அகப்பட்டுக்கிட்டான். எனக்கு அப்பிடியே முப்பது வயசு கொறஞ்ச மாதிரி இருந்துச்சு சார். பயோடேட்டாவுல மிகச் சிறந்த கடைன்னு போட்டிருக்கு, அவன் வாயாலயே இல்லைங்கிறான். கையும் களவுமா. அன்னைக்கே வண்டியைப் புடிச்சு ஊருக்கு வந்துட்டேன். அந்த பயோடேட்டாவைத் தரகரு எழுதினாரா அவனே எழுதினானான்னு நீங்க கேப்பீங்க. செண்பகமும் அதைத்தான் கேட்டுச்சு. யாரு எழுதினா என்ன, அவன் பேருலதான இருக்கு.

அக்கா வீட்டு நடையில உக்காந்து சொன்னேன். பய சொன்னதுக்கும் எழுதினதுக்கும் ஒத்துப்போகலை. ரெண்டு கையிலயும் வரிசையாத் தழும்பு இருக்கு. ஒரு பொம்பளைப் பிள்ளை உரிமையா அடுப்படிக்குள்ள போய் வந்துக்கிட்டிருக்கு. இந்த மூணும்தான் சொன்னேன். இதுல எது பொய்? ஒண்ணும் பொய் கிடையாது. அடுப்புச் சூடுன்னு சொல்லலை, கூட்டாளி பொண்டாட்டின்னு சொல்லலை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

அக்கா அழுதுட்டா. செண்பகம் அழுகலை. என் எதிர்ல வந்து சம்மணம் போட்டு உக்காந்துச்சு. மத்த கடையில எல்லாம் எத்தனை தடவை சாப்பிட்டீங்க மாமான்னு கேட்டுச்சு. ஒவ்வொரு தடவைன்னேன். இவரு கடையிலன்னு கேட்டுச்சு. நான் பொய் சொல்ற ஆளு இல்லை. ஆறு தடவைன்னு சொன்னேன்.

"ஆறு தடவையும் விசாரிக்கவா மாமா சாப்பிட்டீங்க?"

நோட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

அப்பறம்தான் அது குண்டைத் தூக்கிப் போட்டுச்சு. நான் போன மொத நாளே அந்தப் பயலுக்கு நான் யாருன்னு தெரியுமாம். தரகரு குடுத்த குடும்பப் போட்டோவுல பாத்திருக்கான். அன்னைக்கே செண்பகத்துக்குப் போன் போட்டு, உங்க மாமா வந்திருக்காக, நோட்டுல எழுதிக்கிட்டே சாப்பிடுறாக, நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடலை, சங்கடப்படுவாகன்னு சொல்லியிருக்கான். பாத்தீங்களா? மூணு நாளா என்கிட்ட நடிச்சிருக்கான். நான் தூத்துக்குடின்னு சொன்னதுக்கு, அப்பிடியாங்கய்யான்னு தலையை ஆட்டுனவன். எம்புட்டு பெரிய ஆளா இருக்கணும்?

நடிச்சிருக்கான்னு நான் சொன்னதும் செண்பகத்துக்குக் குரல் மாறிப்போச்சு. "பொண்ணு வீட்டு மாமான்னு தெரிஞ்சுக்கிட்டே, என்னுது பெஸ்ட்டு இல்லைன்னு சொல்லியிருக்காரு. எனக்கு அது போதும் மாமா. நான் இவரையே கட்டிக்கிறேன்"னுச்சு.

நான் உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், உன்னை நம்புறேன், ஆனான்னு ஆரம்பிச்சேன். அந்த ஆனா வேண்டாம் மாமான்னு எந்திரிச்சு உள்ள போயிருச்சு.

அதைக்கூடத் தாங்கிக்கிட்டிருப்பேன். சின்னப் பிள்ளை. எங்க அக்கா கேட்டாளே ஒரு கேள்வி. கண்ணைத் தொடச்சுட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு, தம்பி, உன் மனசுல பால்வண்ணனை வச்சுக்கிட்டுத்தான் எல்லா இடத்தையும் தட்டிவிட்டியான்னு கேட்டா. என்னைப் பாத்து. என்னையப் போய்ச் சந்தேகப்பட்டுட்டா சார். இருபத்தஞ்சு வருஷமா அந்தக் குடும்பத்துக்கு ஓடி ஓடிச் செஞ்சவன் நான். ஒருத்தன் மனசைத் தெரியாம அப்பிடி ஒரு வார்த்தையைக் கேக்கலாமா? உன் மக கல்யாணத்துக்கு இந்த மாமன் வர மாட்டான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பால்வண்ணன்கிட்டச் சொன்னா, அவனாவது கோவப்படுவான்னு பாத்தேன். அவன் ஒரு போனைப் பிரிச்சு வச்சு நோண்டிக்கிட்டே, அத்தை கேட்டதுல என்ன தப்பு, எனக்கு அவ தங்கச்சி மாதிரின்னு எத்தனை தடவை உங்ககிட்டச் சொல்லியிருக்கேன்னான். முறைப்பொண்ணைத் தங்கச்சிங்கிறான் சார். இந்தக் காலத்துப் பயலுக.

ஆவணியில கல்யாணம். அக்கா வெத்தலை பாக்கு வச்சு அழைக்க வந்தா. நான் கதவைச் சாத்திக்கிட்டேன். தாய்மாமன் இல்லாம எப்பிடிக் கல்யாணம் நடக்குதுன்னு பாக்குறேன்னு இருந்தேன். நடந்துச்சு. பால்வண்ணன் போயி நின்னான். நான் தூக்க வேண்டிய சீர்த்தட்டை அவன் தூக்கினான். நான் போட வேண்டிய மாலையை அவன் போட்டு, கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் மணவறையில உக்கார வச்சிருக்கான். முறைப்பையனே வந்து நின்னு கட்டிக் குடுத்தானேன்னு ஊரே அவனைப் பாராட்டுச்சாம். வீட்டுக்கு வந்தவன்கிட்ட, யாரும் என்னைக் கேட்டாகளான்னு கேட்டேன். எல்லாரும் கேட்டாக, காய்ச்சல்னு சொன்னேன்னான். செண்பகம் கேட்டுச்சான்னேன். சட்டையைக் கழத்திக்கிட்டே, அவ மட்டும் கேக்கலைன்னுட்டான்.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் என் வீட்டுக்கு ஆசீர்வாதம் வாங்க வந்தாக. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டதும் நான் கட்டில்ல படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். காய்ச்சல்னு அவனே சொல்லியிருக்கான்ல. அப்பா தூங்குறாருன்னு பால்வண்ணன் சொல்றது கேட்டுச்சு. அப்பறம் கால்மாட்டுல ஒரு கை பட்டுச்சு, போர்வைக்கு மேல. அவ கைதான். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஊருக்காகத் தொடுறாளா, மனசறிஞ்சு தொடுறாளான்னு நான் உள்ளுக்குள்ள யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிட்டா.

எந்திரிச்சிருக்கணும் சார் அன்னைக்கு. தப்புத்தான். மூஞ்சியைப் பாத்தே மனுசனைச் சொல்றவன்னு ஊரெல்லாம் பேசுனவன், பாக்க வேண்டிய மூஞ்சியைப் பாக்காம போர்வைக்குள்ள கெடந்தேன். மண்டபத்துல அவ என்னைக் கேக்கலைங்கிறதும் நெசம், வீடு தேடி வந்து கால்ல கை வச்சதும் நெசம். இதுல எது அவ மனசு? நாலு மாசமாச்சு. ராவும் பகலும் இதே நெனப்புத்தான். போன் போடலாம்னு எடுப்பேன், குரல்ல எப்பிடித் தெரியும்னு வச்சிருவேன். அவளும் போடலை. எனக்குச் சோறு எறங்கலை சார், அதான் உண்மை.

இப்ப எதுக்குப் போறேன்னா, அந்தத் தாதர் கடை இருக்குல்ல, மார்க்கெட்டுக்குப் பின்னாடி. அதை நான் விசாரிக்காமலே வந்துட்டேன். அப்பிடி ஒரு கடை நெசமாவே இருக்கா, இவனுதை விட அது ஒசத்தியா, பாக்க வேண்டாமா? அரைகுறையா விடக்கூடாதுல்ல. பால்வண்ணன்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். அவன்தான் டிக்கெட்டு எடுத்துக் குடுத்தான்.

நீங்க எங்க இறங்குறீங்க? தாதர்லயா? வீடு? குர்லாவா. குர்லாவுல இருந்து செம்பூரு பக்கம்தான, எனக்குத் தெரியும், போன தடவை பாத்திருக்கேன்.

அப்பவே பிடிச்சு சாருன்னே கூப்பிட்டுக்கிட்டு வாரேன். தம்பின்னு கூப்பிட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே.

தம்பி, ஒரு சின்ன ஒத்தாசை. நீங்க நாளன்னைக்கு அந்தக் கடைக்குப் போகணும். லேப் வேலையை விட்டுட்டு இப்ப செண்பகம்தான் கடையில முன்னாடி உக்காந்திருக்கு, பால்வண்ணன் சொன்னான். உள்ள போயி ஒரு பீட்சா சொல்லுங்க, வத்தக் காரம் போட்டதாச் சொல்லுங்க. அவசரப்பட்டு எதையும் கேட்டுறாதீங்க. பாதி சாப்பிட்டப்பறம் சும்மா பேச்சுக் குடுங்க, ஊரு கோவில்பட்டியான்னு. ஆமான்னு சொல்லும். அப்ப, ரயில்ல கோவில்பட்டிக்காரரு ஒருத்தரு கூட வந்தாரு, பஸ்ல செக்கரா இருந்தவராம், தவசிமுத்துன்னு பேருன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வாயைப் பாக்காதீங்க, கண்ணைப் பாருங்க. அந்த நேரத்துல அது மூஞ்சி எப்பிடிப் போகுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டு வெளிய வந்துருங்க.

எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக்கடை இருக்கு. நான் அது வாசல்ல நிப்பேன். மூஞ்சி சுளிச்சுச்சுன்னா எனக்காக மாத்திச் சொல்ல வேண்டாம். இல்லைங்கய்யான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அப்பிடியே ஸ்டேஷனுக்குத் திரும்பிருவேன். வேற மாதிரி இருந்துச்சுன்னா அதையும் சொல்லுங்க. நான் எதிர்க்கேள்வி ஒண்ணும் கேக்க மாட்டேன் தம்பி. நீங்க என்ன சொன்னாலும் நம்புறேன்.